கடைமடைக்கு ஒரு போர்க்கப்பல்

குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை போகிற பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் விவசாயி. பக்கத்தில் இருந்தவர் குவைத்தில் வேலை பார்த்துத் திரும்பி, ஊரில் கடை வைத்திருப்பவர். கைபேசியில் போர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய் எங்க இருக்கோ அங்கதான் குண்டு விழுது அண்ணே.”

“அப்படின்னா எனக்கும் ஆபத்துதான் பாய். எண்ணெய் இருக்கான்னு பார்க்கறதுக்கு, போன வாரம் என் வயல்ல கொடி நட்டுட்டுப் போயிருக்காங்க.”

“யாருகிட்டயும் சொல்லாதீங்க. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா, உங்க ஊருக்கு ஜனநாயகம் கொண்டு வர்றேன்னு போர்க்கப்பல் அனுப்பிடுவான்.”

“எது வழியா வருவான்?”

“கடல் பக்கத்துலதானே இருக்கு. ஆத்துல ஏறி, உங்க வாய்க்கால்ல திரும்ப வேண்டியதுதான்.”

விவசாயி கொஞ்சம் யோசித்தார்.

“கஷ்டம் பாய். எங்களுது கடைமடை. மேட்டூர்ல தொறந்த தண்ணியே இன்னும் வந்து சேரல.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

“நாத்து தாங்குமா?”

“நாலு நாள் தாங்கும். அதுக்குள்ள தண்ணியோட வந்தான்னா, எண்ணெயை அவனே எடுத்துக்கட்டும்.”