அரிசிப் பானைக்குள் தைலம்

— இது இன்னாடி ரோசி? அரிசிப் பானக்குள்ள கைய வுட்டா சீசா ஆப்டுது!

— அத அங்கியே வையி அத்தே.

— வைக்கிறதா? வண்ணாரப்பேட்ட வஹாப் பாய் நாட்டு மருந்து கட சீசா தான இது? வாங்காத, வாங்காதன்னு தல தலயா அடிச்சிகினேன். காதுல வாங்குனியாடி நீ?

— அருகம்புல் தைலம் அத்தே. விசமா இன்னா? குயந்த ஒடம்பு கருவாடு கணக்கா வறண்டு கெடந்துது. தூக்குனாலே தோலு வெடிச்சி ரத்தம். சோப்பு பட்டா செவந்துபூடும். சோப்ப தூர போடு, பயத்தமாவு தேச்சி குளிப்பாட்டு, இத தடவுன்னு பாய் சொன்னாரு. நான் பெத்தவ, பாத்துகினு குந்தியிருக்க சொல்றியா?

— நான் பெக்கலியாடி? என் மூத்த புள்ள செபஸ்தியானுக்கு ஒரு வைத்தியன் தைலத்த தடவி, ஒடம்பெல்லாம் கொப்புளம் கட்டி, வாரிக் குடுத்தேன். காசிமேட்டு கல்லறைல போயி கேளு!

— அதுக்கு வஹாப் பாய் இன்னா பண்ணுவாரு?

— வாய மூடு! டேய் லூயிசு, எய்ந்திர்றா! உன் பொண்டாட்டி கூத்த வந்து பாரு!

— இன்னாம்மா பேஜாரு? ராவெல்லாம் கோதும கப்பல்ல மூட்ட தூக்கிட்டு இப்பத்தான் கண்ண மூடினேன்.

— திருட்டுத்தனமா உன் புள்ளைக்கு தைலம் தடவிகினு கீறாடா இவ! அந்தோணியார் வெளக்குல எண்ணெ தொட்டு, செபம் சொல்லி, நான் தடவி தடவி இப்பத்தான் அது தோலு தோலா கீது. தெருவே மெச்சுது. அத கெடுக்க வந்துட்டா சண்டாளி!

— ரோசி, மெய்யா?

— நான் தடவலய்யா. என் கையால ஒரு சொட்டு அது மேல படல. மாதா மேல ஆண.

— மாதா பேர இழுக்காத, கயித! அப்போ பாதி சீசா எங்க பூட்ச்சி? நீ குடிச்சியா?

— குடிச்சேன்னே வச்சிக்க.

— பாத்தியாடா திமிர! இவள வியாசர்பாடில அவ ஆத்தா வூட்டுக்கு இட்டுகினு போயி உட்டுட்டு வா. குயந்த என்னாண்ட இருக்கட்டும்.

— பால் குடிக்கிற புள்ளய உட்டுட்டு போவணுமா நான்? இன்னாய்யா, கல்லு மாரி நிக்கிறியே!

— நான் இன்னா சொல்றது? நீ ஏன் ஒளிச்சி வச்சே? தப்பு உன்து தான ரோசி.

— நல்லா கீதுய்யா நாயம்.

— கொண்டா புள்ளய!

— தரமாட்டேன். கைய எடு அத்தே, சொல்லிட்டேன்!

— ஒன்ன வாரிக் குடுத்தவடி நான். இன்னொண்ண குடுக்க மாட்டேன். அந்த எண்ணெ எங்க பூட்ச்சின்னு சொல்லு, இல்ல இப்பவே வாசப்படி தாண்டு!

— அந்தோணியார் வெளக்குல அத்தே. தெனம் ஊத்துனது நான், தடவுனது நீ.