பூச்சியில்லாத ஏரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கேட்டது. அதிகம் படிக்காமலே, சைக்கிளில் மூட்டை ஏற்றிச் சம்பாதித்து மூன்று லாரி வாங்கியவன் நான். எதற்கும் லேசில் அசரமாட்டேன். அன்றைக்கு முன் சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு அசந்துவிட்டேன்.

“பூச்சி இல்லாததுதான் மாமா பிரச்சினையே.”

அவள் மடியில் கைவலையும் காலி பாட்டில்களும் இருந்தன. பக்கத்தில் அவளுடைய தாய்மாமன்.

“இன்னாம்மா சொல்ற? நீ தண்ணிய சோதிக்க வர்றேன்னுதான் ஊரே சேந்து பாசியெல்லாம் வழிச்சுப் போட்டு, பிளீச்சிங் பவுடர் கொட்டுனோம். கண்ணாடி மாதிரி இருக்குது.”

“அதுல தண்ணிக்குள்ள இருந்த தட்டான் குஞ்சு, நத்தை எல்லாம் செத்துப்போச்சு. காலையிலேருந்து வலை போட்டும் ஒண்ணும் சிக்கலியே. எந்தெந்த உயிர் இருக்குன்னு பாத்துதான் தண்ணி நல்லதா கெட்டதான்னு சொல்லுவோம். உங்க ஏரி கெட்டதுன்னு வந்துரும்.”

மாமன் முகம் தொங்கிப்போனது. “கெட்ட ஏரிதானேன்னு கம்பெனிக்காரன் கழிவுத்தண்ணிய உட்டுடுவானே! நல்லதா எழுதிடும்மா.”

“பொய் எழுத மாட்டேன். பவுடர் போட்டதையும் சேத்துத்தான் எழுதுவேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஏரி பூரா கொட்டுனீங்களா?”

“வாய்க்கால் வந்து சேர்ற மூலையில கொட்டல. கோரை மண்டிக் கெடக்குது, பாம்பு ஜாஸ்தி. ஒருத்தனும் எறங்கல.”

அவள் எழுந்து, அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தும்படி கண்டக்டரிடம் சொன்னாள்.

“வாங்க மாமா, திரும்பிப் போலாம். அங்க எறங்கிப் பாக்குறேன்.”

“பாம்பு இருக்குதும்மா!”

“அதுக்குத் தீனி இருக்கப்போய்த்தானே மாமா அது அங்க இருக்குது.”