பதினோரு தடவை போட்ட வரிசை

லோர்னா தேநீர் போட ஏழு நிமிடம் ஆகும். கெட்டில் கொதிக்க வேண்டும், டீபாட்டில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்ட வேண்டும், பழக் கேக்கை விரல் தடிமனுக்கு வெட்ட வேண்டும், நடுவில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் மேக்பைப் பறவையை இரண்டு வார்த்தை திட்ட வேண்டும். முப்பத்தொரு வருடம் எதிர்வீட்டில் இருந்தவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? எங்கள் தெருவில் எந்த வீட்டில் கணவன் எந்த அறையில் படுக்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியும். யாரிடமும் போய்க் கேட்டதில்லை. ஜன்னல் விளக்குகளே சொல்லிவிடும்.

நீங்கள் ஊருக்குப் புதிது. அந்த முடிச்சை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

அதற்குச் சாலொமோன் முடிச்சு என்று பெயர். கண்ணியை விரல் நீளத்துக்கு இழுத்து, அதன் முதுகில் ஓடும் ஒற்றை இழைக்குள் குரோஷா ஊசியை விட்டு ஒரு முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான். நூலைவிடக் காற்றுதான் அதிகம். அந்த முடிச்சில் போட்ட சால்வையை மடித்தால் கோட்டுப் பைக்குள் அடங்கும், விரித்தால் கட்டிலையே மூடும். எது முதுகு இழை என்பதில்தான் சூட்சுமம். எனக்கோ இடது கைப் பழக்கம். புத்தகத்துப் படங்கள் எல்லாம் வலது கைக்காரர்களுக்குப் போட்டவை. யாராவது எதிரே உட்கார்ந்து போட, கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தால்தான் என் மண்டையில் ஏறும்.

வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் ஒன்பது பேர் கூடிப் பின்னுவோம். எனக்குத் தெரிந்தது பால்குவளை மூடி மட்டும். வட்டமாகப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் மணி கோப்பேன். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து.

"நம்ம ஐவியக் கேலி பண்ணாதீங்கடி," என்பாள் லோர்னா. "இந்த ஊர்ல ஒரு ஈயாவது பால்ல விழுந்து செத்திருக்கா? எல்லாம் அவ புண்ணியம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கற்றுத்தரச் சொல்லி இரண்டு வருடத்தில் இரண்டு முறை கேட்டேன். உட்கார்ந்து காட்டினாள். அவள் கை ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மெதுவாப் போடேன்டி."

"மெதுவாப் போட எனக்கே தெரியாதுடி. யோசிச்சா கை நின்னுபோகுது."

மூன்றாவது முறை கேட்டபோது கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஐவி, இதக் கத்துக்கணும்னா நீ மறுபடி பொறக்கணும். அப்பவாவது வலது கையோட பொற."

அதில் விஷம் ஒன்றும் இல்லை. லோர்னா நல்லவள். என் கணவர் போனபோது ஆறு வாரம் தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, பார்த்தீர்களா?

அந்த ஜூன் மாதம் அவள் மகள் கெய்லுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முப்பத்தெட்டு வயதில், ஏற்கெனவே ஒருமுறை கட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு தண்ணீர் பம்ப் வியாபாரியோடு. இந்த வயதில் கல்யாண முக்காடு போட்டால் ஊர் சிரிக்கும், தோளில் அம்மா போட்ட சால்வை போதும் என்று கெய்ல் சொல்லிவிட்டாள். நவம்பரில் கல்யாணம். லோர்னா வெள்ளை உல்லன் நூல் வாங்கி அன்றே தொடங்கினாள். ஜூலைக்குள் மூன்றில் இரண்டு பங்கு முடித்துவிட்டாள்.

ஒரு நாள் அவள் தேநீர் போடப் போனபோது முதுகு இழையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று சால்வையை எடுத்தேன். ஊசி நழுவியது. குரோஷாப் பின்னல் முழுவதும் கடைசிக் கண்ணி ஒன்றில்தான் தொங்குகிறது. அது விட்டால் எல்லாம் விட்டது. நான் பதறி இழுத்ததில் ஒரு வரிசை சரசரவென்று பிரிந்துவந்தது. நூலைச் சுற்றி வைத்துவிட்டு, ஜூலைக் குளிருக்கு மூட்டிய நெருப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

லோர்னா வந்து கையில் எடுத்தாள். "இந்த வரிசைய முடிச்சேனே?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டாள். பிறகு முதலிலிருந்து அதே வரிசையைப் போட்டாள், என் எதிரிலேயே, கொஞ்சம் சந்தேகத்தோடு. சந்தேகம் வந்ததால் கை மெதுவாக ஓடியது. இரண்டு வருடத்தில் தெரியாதது அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை ஊசி நழுவவில்லை. நானே உருவினேன்.

வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வரிசை. நடுவில் அவள் மேலே நான்கைந்து வரிசை ஏறிவிட்டாலும் அந்த இடம்வரை கொண்டுவந்துவிடுவேன். நூலை ஒழுங்காகத் திரும்பச் சுற்றிவைப்பேன். எந்த வேலையிலும் நான் அலங்கோலம் பண்ணுகிறவள் இல்லை.

ஆனால் பிரித்த நூலில் சுருள் நிற்கும். ஒரு நாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பிரிச்ச நூல்டி, ஐவி."

நான் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"நான்தான் பிரிச்சிருக்கணும். வேற யாரு இருக்கா இந்த வீட்ல?" என்றாள். அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "நான் பிரிச்சத நீ பாத்தியா?"

எல்லாவற்றையும் விளக்கப் போனால் நெடுங்கதை. "பாத்தேன்" என்பது ஒரே சொல். அதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள், வேலையை நிறுத்தும் இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைக்கத் தொடங்கினாள். நான் அதை அவிழ்த்து, வரிசைகளைப் பிரித்து, கீழே உள்ள வரிசையில் அதே மாதிரி கட்டி வைத்தேன். ஏழு நிமிடத்துக்கு இது கொஞ்சம் நெருக்கடியான வேலை. மேக்பை வராத நாட்களில் ஆறரை நிமிடம்தான்.

கார் ஓட்டுவதை லோர்னா தானாகவே நிறுத்தினாள். அடுப்பை அணைத்தேனா என்று, தன் கண்ணையே நம்பாமல், என் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்பாள். நான் தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, அணைத்திருக்கிறது என்று சொல்வேன். எப்போதும் அணைத்துத்தான் இருந்தது. அவளுக்கு என்னைவிட்டால் யார் இருந்தார்கள்?

செப்டம்பரில் கெய்ல், தான் இருக்கும் லான்செஸ்டன் நகரிலிருந்து வந்தாள். சால்வையை விரித்துப் பார்த்தாள். ஜூலையில் பார்த்த அதே அளவு. என்னை வெளியே துணி காயும் கொடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஐவி ஆன்ட்டி, உள்ளதச் சொல்லுங்க. அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அதே ரெண்டு வரிசையப் பதினோரு தடவ போட்டாம்மா. என் கண்ணால பாத்தேன்."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

கெய்லும் கூட இருந்த ஒரு நாள், ஞாபகத்தைச் சோதிக்க மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கோப்போடு வந்தாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் ஒன்று வரையுங்கள். லோர்னா எல்லாம் சரியாகச் செய்தாள். கடிகாரத்துக்கு வினாடி முள்கூடப் போட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கோப்பை மூடினாள். லோர்னா வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இரும்மா," என்றாள் லோர்னா. "நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். ஆனா என்னய நம்பாத." எழுந்துபோய்ச் சால்வையைக் கொண்டுவந்து, சிவப்பு நூல் கட்டிய இடத்தைக் காட்டினாள். "போட்டதப் பிரிக்கிறேன். பிரிச்சது ஞாபகம் இல்ல. நாளைக்கு அடுப்புல எதையாவது வெச்சு வீட்டக் கொளுத்திடுவேனோன்னு பயமா இருக்கு. ஐவி, நீயே சொல்லுடி. நீதான கூட இருந்த?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒருத்தி வாயைத் திறந்து எங்கிருந்து தொடங்குவது? என் கையில் என்ன இருந்தது? அதோடு, வரிசை முடிந்து திரும்பும் இடம் எனக்கு அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"ஆமா," என்றேன். "பாவம்."

அந்தப் பெண் கோப்பைத் திரும்பத் திறந்து எழுதினாள்.

மூன்று வாரத்தில் லோர்னா முதியோர் இல்லத்துக்குப் போனாள். காரில் ஏறும்போது வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்டி," என்றாள். ஊசியெல்லாம் அங்கே கூடாதாம். அரைகுறைச் சால்வையைக் கெய்ல் என்னிடம் கொடுத்துவைத்தாள்.

திரும்பும் இடத்தை நானே கண்டுபிடித்தேன். உட்கார்ந்து முடித்தும்விட்டேன். கெய்லிடம் கொடுத்தபோது, வியாழக்கிழமைகளில் நான் பார்க்கப் போகும்போது, மேற்பார்வையாளர் அனுமதியோடு, தெளிவாக இருக்கும் நேரத்தில் அம்மாவே போட்டு முடித்ததாகச் சொன்னேன். கல்யாணப் பெண்ணுக்கு அந்தச் சந்தோஷம் இருக்கட்டும் என்றுதான். வீடு அதற்குள் கைமாறியிருந்தது, தெளிந்துவிட்டாள் என்று திரும்பக் கூட்டிவரவும் முடியாது, ஆகவே அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கெய்ல் அழுதாள்.

கல்யாணத்தன்று லோர்னாவை நீல கோட்டுப் போட்டு முன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் நான். பூசை முடிந்து கெய்ல் அம்மாவை முத்தமிடக் குனிந்தாள். சால்வையின் ஓரம் லோர்னாவின் மடியில் விழுந்தது. அவள் கட்டைவிரல் தானாக அதன்மேல் ஊர்ந்தது. அவளுடைய வரிசை முடிந்து என்னுடையது தொடங்கும் இடத்தில் போய் நின்றது. இடது கைக்காரி போட்டால் முடிச்சு மறுபக்கம் சாயும். தெரிந்தவர் தடவினால் மட்டும் தெரியும்.

"கெய்ல்," என்றாள் தெளிவாக, "இது என் கை இல்ல. இது இடது கை. இத ஐவி போட்டிருக்கா."

கெய்ல் குனிந்தபடியே என்னைப் பார்த்தாள். லோர்னா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய லோர்னா வந்து நின்றிருந்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

அவள் கையை மெதுவாகச் சால்வையிலிருந்து எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இல்லடி லோர்னா. நீதான் போட்ட. நான் எதிர்ல உக்காந்து பாத்தேன். மறந்துட்ட."

கெய்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். லோர்னா என்னையே பார்த்தாள். பிறகு சால்வையைப் பார்த்தாள். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"அப்படியா?" என்றாள். "பரவாயில்லயே. அழகாத்தான் போட்டிருக்கேன்."

முப்பத்தொரு வருடத்தில் லோர்னா என் கைவேலையை அழகு என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய மனசு அவளுக்கு.