சத்து மாத்திரை

பிறர் ரகசியத்தைக் காப்பதைவிட உயர்ந்த அறம் இந்த உலகத்தில் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். சொல்பவன் இருமல் மருந்தும் கொசுவத்தியும் விற்கிற மருந்துக்கடைக்காரன் என்பதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது.

டீச்சர் இரண்டு வருடமாக என் கடையில்தான் மனச்சோர்வு மாத்திரை வாங்கினார். முப்பது வருடம் பிள்ளைகளை முதுகு நிமிர்த்தி உட்கார வைத்தவர். அவர் மனமே கூனிப்போனது வெளியே தெரியலாமா? முதல் நாள் என் பக்கம் குனிந்து, "தம்பி, மக கண்ணுல பட்டா அவ்வளவுதான். அட்டையைப் பிரிச்சு வேற ஏதாவது பேர் எழுதிக் குடுத்துடு" என்றார். மாத்திரைகளைப் பழுப்புக் கவரில் போட்டு, 'சத்து மாத்திரை' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். "கையெழுத்துக்குப் பத்துக்கு ஒன்பது" என்றார். ஒன்றை ஏன் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரிலும் பதியவில்லை. டாக்டர் சீட்டு காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அது சின்ன விஷயம், விடுங்கள்.

போன மாதம் டீச்சர் குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று மகள் புதுச் சீட்டோடு வந்தாள். அபின் வகை வலி மாத்திரை.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு டாக்டர் கேட்டார். சத்து மாத்திரை மட்டும்தான்னு சொன்னேன். சரிதானே அண்ணா?"

மனச்சோர்வு மாத்திரையும் இதுவும் ஒரே உடம்பில் சேரக் கூடாது என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவன் நான். சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், புத்தித் தடுமாற்றம், வலிப்பு. உயிரே கூடப் போகலாம். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆவதில்லையே.

"சரிதாம்மா" என்றேன்.

மறுநாள் மாலை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணா, அம்மாவுக்கு வேர்த்து ஊத்துது. கால் தன்னால வெட்டி வெட்டி இழுக்குது. என்னைப் பாத்து 'ஹோம்வொர்க் எங்கடி'ன்னு கேக்கறாங்க."

காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே போன் செய்தார். "நீங்க வேற எதுவும் குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்பத் தெரிஞ்சாக்கூட வைத்தியத்தை மாத்திடலாம்."

யோசித்தேன். கடையில் ஆள் இல்லை, நிதானமாகவே யோசிக்க முடிந்தது. "சத்து மாத்திரைதான் டாக்டர்" என்றேன்.

அடுத்த நாள் மதியம் டீச்சர் இறந்துபோனார்.

மகள் அந்தக் கவரை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது நியாயம்தான். இரண்டு மாத்திரையும் நான் கொடுத்தேன். கேட்டபோது தெரிந்தே மறைத்தேன். அதனால் அவர் செத்தார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வாக்குத் தவறியவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பெண்ணின் மானத்தை அவர் உயிர் போகும்வரை காப்பாற்றியிருக்கிறேன்.

என் மனைவியை விசாரிக்க வேண்டியதில்லை. டீச்சர் மாத்திரை வாங்கிய முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது நான் சொன்னதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் எதிர்வீட்டில் மட்டும்தான் சொன்னாளாம். டீச்சரின் மகளைத் தவிர எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.