அண்டாவில் ஊறிய எஞ்சின் குறித்து லாசர் கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்

பெயர் லாசர். தகப்பனார் யாகப்பன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. மதம் கத்தோலிக்கக் கிறிஸ்தவம். இருப்பிடம் சேலம் ஜில்லா ஆட்டையாம்பட்டியில் என் தங்கை சகாயம்மாளின் வீடு. தொழில் மோட்டார் மெக்கானிக். யந்திர வைத்திய சிகாமணி என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். எழுதுகிற ஏட்டு மருதாசலம் அவர்கள் மெக்கானிக் போதும் என்று சொல்லிவிட்டார். 1961ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஸ்டேஷனில் வைத்து விசாரிக்கப்பட்டபோது நான் சொன்னதாவது:

நான் கள்ளச்சாராயம் காய்ச்சியதாக வியாழக்கிழமை இதே ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது முழுப் பொய். அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின். அந்தப் பொய்யை நான் சொல்ல வேண்டி வந்தது எப்படி என்பது வரிசையாகப் பின்வருகிறது.

என் தங்கை சகாயம்மாள் புருஷனை இழந்தவள். கூலிக்குத் தறி நெய்கிறாள். அவளுடைய ஒரே மகள் செல்வமேரியைப் பக்கத்துப் பங்குக் கோயிலில் மணி அடித்துப் பூசைக்கு எடுத்துக்கொடுக்கும் கோயில்பிள்ளை வேலை பார்க்கும் மிக்கேலுக்குப் பேசி முடித்திருக்கிறோம். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இருவர் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மிக்கேலுக்கும் செல்வமேரிக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது நாளை ஞாயிறு.

இரண்டாவது ஓலை வாசித்த அன்றே பங்குச் சாமியார் தியானத்துக்காகச் சேலம் போய்விட்டார். போகும்போது தமது மோட்டார் சைக்கிளைத் தினம் ஒருமுறை உதைத்துக் கிளப்பி நிறுத்திவைக்கும்படி மிக்கேலிடம் சொல்லிவிட்டுப் போனார். அது யுத்தகாலத்து வண்டி. ஹிட்லரையே துரத்திக்கொண்டு போன வண்டி என்று நான் சொன்னதை ஏட்டய்யா எழுத மறுத்துவிட்டார். வண்டியை உதைக்கச் சொன்னாரே தவிர ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் மிக்கேல் திங்கட்கிழமை அதில் ஏறி ஆட்டையாம்பட்டிக்கு வந்துவிட்டான். கேட்டால் வண்டிக்குச் சூடு ஏற வேண்டுமல்லவா மாமா என்கிறான். ஓலை வாசித்து முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வரக்கூடாது என்று சகாயம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவன் பார்க்க வரவில்லையாம், தெரு வழியாகப் போக மட்டும் வந்தானாம்.

எங்கள் தெரு முனையில் காளியப்பக் கவுண்டரின் ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. அங்கே மரவள்ளிக் கிழங்கை அரைத்த பாலை மாவு அடியில் தங்குவதற்காகத் தரையோடு தரையாகக் கட்டிய தொட்டிகளில் விட்டிருப்பார்கள். வளைவில் திரும்பும்போது செல்வமேரி வாசலில் நூல் உலர்த்திக்கொண்டு நின்றாள். மிக்கேல் தலையை அவள் பக்கம் திருப்பினான், வண்டியையும் திருப்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டான். அதன் பின்பு அவனும் வண்டியும் தொட்டிக்குள் போய்விட்டார்கள்.

ஆலையில் வேலை செய்யும் பொன்னனும் மற்றவர்களும் கயிறு போட்டு இருவரையும் வெளியே எடுத்தார்கள். அதைப் பார்க்க ஆயிரம் பேர் கூடினார்கள். ஏட்டய்யா பேனாவை நிறுத்தியிருப்பதால் முப்பது பேர் என்று திருத்திக்கொள்கிறேன். மிக்கேல் தலை முதல் கால் வரை வெள்ளையாகிப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சொரூபம் போல நின்றான். அந்த வழியாகப் போன கிழவி ஒருத்தி அவனைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் அந்தக் கோலத்திலேயே பயத்தில் வண்டியை நாலைந்து உதை உதைத்தான். எஞ்சின் சூடாக இருந்ததால் உள்ளே போன மாவுப்பால் வெந்து, பிஸ்டன் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

அதன் பின்பு மிக்கேல் என் காலைப் பிடித்தான். சாமியார் சனிக்கிழமை திரும்பி வருகிறார், வண்டியைத் தொட்டது தெரிந்தால் கோயில்பிள்ளை வேலை போய்விடும், வேலை இல்லாதவனுக்கு மூன்றாவது ஓலையை எந்தச் சாமியார் வாசிப்பார் என்று அழுதான். அவன் கண்ணீரும் வெள்ளையாகவே வந்தது. நான் செல்வமேரிக்குத் தாய்மாமன். வண்டியை வீட்டுக்குள் தள்ளச் சொல்லி, கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினேன்.

அன்றும் மறுநாளும் எஞ்சினைப் பிரித்தேன். பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கொல்லையில் வைத்தேன். கார்புரேட்டரைத் திறந்தபோது உள்ளே தயிர் உறைந்தது போல் இருந்தது. ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டரோடு ஒட்டியிருந்த பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். வால்வு, ரிங், செம்புக் குழாய் எல்லாவற்றையும் சகாயம்மாளின் சேலையைக் கிழித்து அதன் மேல் வரிசையாகப் பரப்பினேன். இதுவரைக்கும் என்னைப் போல வேலை செய்தவன் பூலோகத்தில் இல்லை. அதன் பின்பு ஒரு காரியம் செய்தேன். எல்லாம் சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று ஒரு குடம் கொதிக்கிற தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினேன். பச்சையாக இருந்த மிச்ச மாவும் வெந்து, துளைக்குத் துளை கோந்தாக அடைத்துக்கொண்டது.

சகாயம்மாள் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பாவு நூலுக்குக் கஞ்சி போடற ஊட்டுல பொறந்துபோட்டு மரவள்ளி மாவுல கொதிக்கற தண்ணிய ஊத்துவாங்களா? இப்ப இதுல எஞ்சின் எது, கஞ்சி எதுன்னு நீங்களே சொல்லுங்" என்றாள்.

அதன் பின்பு அவளே ஒரு வழி சொன்னாள். கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்சும்போது முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கலந்தால் கெட்டிக் கூழ் தண்ணீராக இளகிவிடும், செல்வமேரிக்கு அப்படித்தான் ஊட்டினேன் என்றாள். கைக்குழந்தைக்கு ஆகிற வைத்தியம் எஞ்சினுக்கும் ஆகும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். கல்யாணச் சோற்றுக்கென்று கழுவி வைத்திருந்த பெரிய அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீரும் முளைகட்டிய கேழ்வரகு மாவும் கரைத்து, எஞ்சின் சாமான்களை அதில் இறக்கி மூடி வைத்தோம். கோந்து இளகத் தொடங்கியது. இளகியதை எடுத்துத் துடைத்துத் துருப் பிடிக்காமல் ஆமணக்கெண்ணெய் தடவுகிற வேலை செல்வமேரியுடையது. கல்யாணப் பெண்ணுக்கு ஊரில் மருதாணி வைப்பார்கள், எங்கள் பெண்ணுக்கு முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு.

ஆனால் அண்டா புளித்துவிட்டது. அந்த வாசனை எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆத்தூர் வரை போயிற்று. ஏட்டய்யா முறைப்பதால் ஆலை வரை என்று வைத்துக்கொள்கிறேன். சாத்திய கதவு, சாக்குக் கட்டிய ஜன்னல், ஊறல் வாசனை, இந்த மூன்றும் சேர்ந்தால் மதுவிலக்கு ஜில்லாவில் யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும். வியாழக்கிழமை காலையில் பொன்னன் கொல்லைப்புறமாக ஒரு டம்ளரோடு வந்து, "அண்ணா, ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சுங். தொட்டியிலிருந்து தூக்கி உட்டவன் நானு, எனக்கு ஒரு டம்ளர் ஊத்தமாட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். ஒன்றும் இல்லை என்று அனுப்பினேன். அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் டம்ளரோடு நின்றார்கள்.

அன்று மத்தியானம் போலீசார் வந்தார்கள். வண்டியின் உடலை நாங்கள் வெள்ளைத் துப்பட்டியால் மூடி, அதன் மேல் மாதா சொரூபத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தோம். சோதனைக்கு வந்த கான்ஸ்டபிள்கள் இருவர் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அதை யாரும் தொடவில்லை. அண்டாவையும் அதிலிருந்த சாமான்களையும் மட்டும் கைப்பற்றினார்கள். கைப்பற்றியதைப் பட்டியலிட்ட மகஜரில் செம்புக் குழாய் சாராயம் இறக்கும் குழாய் என்றும், பிஸ்டன் கைப்பிடியுடன் கூடிய அளவுக் கிண்ணம் என்றும் எழுதப்பட்டது. கைப்பிடி என்று எழுதியது அதன் கனெக்டிங் ராடு.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் அய்யா என்னை விசாரித்தார். இது எஞ்சின் என்று சொன்னால் யாருடைய எஞ்சின் என்று கேட்பார். சாமியாருடையது என்று சொன்னால் இன்றே ஆள் அனுப்பி அவரைக் கேட்பார். ஆகையால் சாராயம் என்றே ஒப்புக்கொண்டேன். ஜெயிலுக்குப் போவதானால் சின்னக் குற்றவாளியாக ஏன் போக வேண்டும் என்று, மேட்டூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் நான்தான் சப்ளை என்றும் சொன்னேன். யாருக்கு விற்றாய் என்று கேட்டபோது ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. குழாய் ஏன் ஒரு சாண்தான் இருக்கிறது என்று கேட்டார். என் திறமைக்கு ஒரு சாண் போதும் என்றேன். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் செல்வமேரி எனக்குச் சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நகத்தில் கறுப்பு அப்படியே இருந்தது. சோற்றைக் கிளறியபோது அடியில் ஒரு முட்டை இருந்தது. மிக்கேலிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல், மாமனுக்கு இது ஓய்வு என்று சொல்லி அனுப்பினேன். அவள் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று சனிக்கிழமை பிற்பகல் பங்குச் சாமியார் இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் மிக்கேல் எஞ்சின் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டும், செல்வமேரி பெட்ரோல் டாங்கியை இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்தார்கள். சாமியார் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மிக்கேல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டானாம். என் வாயைச் சட்டம் திறக்கவில்லை, அவன் திறந்தான்.

சாமியார் கம்பிக்கு அருகில் வந்து, "லாசரு, நீ சாராயம் காய்ச்சுனியா?" என்று கேட்டார்.

"இல்லீங் சாமி."

"பின்னெ என்ன காய்ச்சுனெ?"

"உங்க வண்டியைங் சாமி."

அதன் பின்பு சாமியார் சப் இன்ஸ்பெக்டர் அய்யாவிடம், இந்தச் சாமான்கள் வண்டியில் பொருந்தி ஓடினால் எஞ்சின் என்றும் ஓடாவிட்டால் சாராயம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் அய்யா சம்மதித்தார். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் என்னை உட்கார வைத்தார்கள். நான் கேட்கக் கேட்க ஏட்டய்யா மகஜரைப் பார்த்து, அளவுக் கிண்ணம் ஒன்று, சாராயக் குழாய் ஒன்று என்று படித்துப் படித்து எடுத்துக் கொடுத்தார். ரிங்குகள் இளகி விரலில் சுழன்றன. பிஸ்டன் சிலிண்டருக்குள் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. இதைக் குறைக்க வேண்டாம் என்று ஏட்டய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன், அவரும் கூட நின்று பார்த்தார். மிக்கேல் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்ததும் யார் உதைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாமே உதைத்தார். முதல் உதைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு ஒரு தும்மல். அதற்கு அடுத்ததில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே மிச்சமிருந்த மாவு வெந்து, சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகையோடு ஜவ்வரிசி வடாம் பொரிக்கிற வாசனை வந்தது. லாக்கப்பில் இருந்த இன்னொருவர் சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் அய்யா முதல் வாக்குமூலத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். அதுதான் இது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மிக்கேல் சாமியார் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றான். வேலையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, ஓலையைப் பற்றி நானும் கேட்கவில்லை. சாமியார் வண்டியை நிறுத்தாமல் அவன் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது. "தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லோணும்னு நான்தானே கேக்கறேன். எனக்கு ஒண்ணு தெரியும். உனக்கு வளைவுல திரும்பத் தெரியாது. அதை நாளைக்கு ஓலையில சேக்கறதில்லை. காலையில நேரத்தோட வந்து மணி அடி." செல்வமேரி அதைக் கேட்டுவிட்டு, கறுப்பு நகத்தோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியார் இப்போது வண்டியில் ஏறிப் போய்விட்டார். மிக்கேல் பின்னால் உட்கார்ந்து போனான்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. மேற்படி அண்டா இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது. கழுத்தில் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதில் அடுத்த வாரம் இருநூறு பேருக்குச் சோறு வடிக்க வேண்டும். ஏட்டய்யா சொல்லாமலே நூறு என்று நானே குறைத்துக்கொள்கிறேன். அந்த நூறில் ஏட்டய்யாவும் ஒருவர்.

நான் வாயால் சொன்னதை ஏட்டய்யா கையால் குறைத்து எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். குறைத்தது போக இதில் மிச்சமிருப்பது அத்தனையும் நிஜம் என்று, கையில் ஆமணக்கெண்ணெய் இருப்பதால் காகிதத்தில் கறை படிவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யா. லாசர்
மோட்டார் மெக்கானிக், ஆட்டையாம்பட்டி

எழுதியவர்: மருதாசலம், ஏட்டு