ஆறாம் நம்பர் கட்டில்

கொஞ்சம் இருங்கண்ணே, ஸ்ட்ரெச்சர் வண்டிய இன்னும் கிட்ட கொண்டாராதீங்க. ஆறாம் நம்பர் கட்டில் இதுதான், நான் இல்லேங்கல. பித்தப்பையில கல்லு, ஆபரேஷன் பத்து மணிக்கு, நீங்க படிச்சது எல்லாம் சரிதான். ஆளுதான் நான் இல்ல.

என்ன, பயத்துல உளர்றேன்னு நெனைக்கிறீங்களா? எல்லாரும் வண்டியப் பாத்ததும் இப்படித்தான் சொல்வாங்களா? அது அவங்க. எனக்கு நெசமாவே கல்லு கெடையாது. இந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரி எங்க தெருவுல தையக்கடை வெச்சிருக்கற அக்கா. அந்தக்கா இப்ப எங்க வீட்டுல இருக்கு.

எப்படின்னா, மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். போன மாசம் அசதின்னு கீழ டாக்டர்கிட்டக் காட்ட வந்தேன். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒரு குறையும் இல்ல, நல்லா இருக்கீங்கன்னாரு. நல்லா இருந்தா நான் ஏன் சார் செவுத்துல சாஞ்சுக்கிட்டுப் பல்லு வெளக்கறேன்னு கேட்டேன். ஒரு தாளக் குடுத்தாரு. அசதிய தெனமும் பத்துக்கு எத்தனைன்னு நோட்டுல எழுதணுமாம். வேலைய துண்டு துண்டாப் பிரிச்சுக்கணுமாம். அசதி வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துரணுமாம்.

செஞ்சு பாத்தேண்ணே, ஏன் பொய் சொல்லணும். ரெண்டு பாத்திரம் கழுவிட்டு உக்காந்தேன். எங்க மாமியாரு பாத்தாங்க. சும்மாத்தான இருக்க, இந்த அலமாரியத் தொடச்சுருன்னாங்க. தொடச்சுட்டு உக்காந்தேன். எங்க வீட்டுக்காரரு பாத்தாரு. சும்மா இருக்கப்பவே என் சட்டைக்குப் பட்டன் வெச்சுரேன்னாரு. நின்னா ஒரு வேலைதாண்ணே, உக்காந்தா மூணு. அன்னைக்கு நோட்டுல பத்துக்குப் பதினாலுன்னு எழுதினேன். என் பெரிய பொண்ணு ரெண்டாவது படிக்குது, பத்துக்குப் பதினாலு வராதும்மான்னு அந்த ஒண்ண அடிச்சுட்டா. வெறும் நாலு நின்னுச்சு. முந்தாநாள் நான் நோட்டோட இங்க வந்தா, டாக்டரு அந்த நாலப் பாத்துட்டு நல்ல முன்னேற்றம்னு கை குடுக்கறாரு.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கணும். தையக்கார அக்கா படுத்திருக்கேன்னு மேல ஏறி வந்தேன். அக்கா இதே கட்டில்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டிருக்கு. நாளெல்லாம் கத்திரியும் கையுமா இருக்கற மனுஷிக்குக் கத்தின்னா பயமாம். வெளிய போயிக் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் நீ உக்காருன்னுச்சு. உக்காந்தேன். விரிப்பு வெள்ளையா மடிப்பு கலையாம இருந்துச்சு. தலையணைய சும்மா தொட்டுத்தான் பாத்தேன்.

நேத்து காலையில முழிச்சேன்.

ஆமாண்ணே, நேத்துதான். கையில ஆறுன்னு பட்டை கட்டியிருக்கு. யாரோ போத்தி விட்டிருக்காங்க. நர்ஸம்மா வந்து, நல்லாத் தூங்குனீங்களான்னு கேட்டாங்க. அந்தக் கேள்விய எங்கிட்ட யாரும் கேட்டு எத்தன வருஷம். பதில் சொல்ற ஆசையில, ஆளு நான் இல்லன்னு சொல்றது விட்டுப் போச்சு.

அக்காவுக்குப் போன் பண்ணேன். நீ தூங்குன அழகப் பாத்தா எழுப்ப மனசு வரல, ஒன் பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ மெதுவா வான்னுச்சு. பிள்ளைங்களுக்கு அக்கா பழக்கந்தான், பள்ளிக்கூடத்து உடுப்பெல்லாம் அதுதான் தைக்கும். எங்க வீட்டுக்காரரா? மொத நாள் கவனிக்கவே இல்லயாம். நேத்துதான் சாப்பிட்டுக்கிட்டே, என்ன, கொஞ்சம் வளந்த மாதிரி இருக்கன்னாராம். அக்காவும் ஆமான்னுச்சாம்.

இதக் கேளுங்க. எங்க மாமியாரு அலமாரியத் தொடைக்கச் சொல்லவும், அக்கா இங்க இருந்து எடுத்துட்டுப் போன சீட்டக் காட்டியிருக்கு. ஆபரேஷனுக்கு அப்பறம் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, முழு ஓய்வுன்னு டாக்டரு முன்னாடியே எழுதி சீல் குத்துன சீட்டு. அவ்வளவுதான், வீடே மாறிப்போச்சு. மாமியாரு தலைமாட்டுல தண்ணி கொண்டாந்து வெக்கறாங்களாம். எங்க வீட்டுக்காரரு பாத்திரம் கழுவறாராம். ஆறு வருஷமா நான் வாயால சொன்னதுண்ணே, சீலு இல்லாததால கேக்கல.

அதான் ஒங்கள நிறுத்தி வெச்சுக் கேக்கறேன். அந்தச் சீட்ட அறுக்காம குடுக்க மாட்டாங்களா? ஆறு வாரம் வேணாம், ஒரு வாரம். மாட்டாங்களா. சரி, அப்ப நானே வர்றேன், வண்டியத் திருப்புங்க. ஏன் முழிக்கிறீங்க? எனக்கும் பித்தப்பைன்னு ஒண்ணு இருக்குமில்ல. தொறந்து பாப்பாங்க, கல்லு இல்லன்னா மூடிருவாங்க. தொறந்ததுக்கு ஒரு சீட்டு எழுதித்தான ஆகணும்?

வெளையாடல. நெசமாத்தான் கேக்கறேன்.

இதுக்குப் போயி வயித்தக் கிழிச்சுக்கணுமான்னா, அது வந்துண்ணே, போன வாரம் சின்னவளத் தொட்டியில வெச்சுக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு வயசு ஆகல. முதுக ஒரு கையில தாங்கிக்கிட்டு சோப்பு போட்டேன், அது ஞாபகம் இருக்கு. அப்பறம் கண்ணத் தொறந்தா கை காலியா இருக்கு. ஒண்ணும் ஆகல, பதறாதீங்க. தண்ணி ஒரு சாண்தான். தொட்டி விளிம்பப் புடிச்சுக்கிட்டு தானா எந்திரிச்சு நின்னு, என் மூக்குல நுரைய அப்பி வெளையாடிக்கிட்டிருந்தா. அதுவரைக்கும் அவ எந்திரிச்சு நின்னதே இல்ல. வீட்டுல ஒரே சந்தோஷம், எல்லாரும் ஓடி வந்து எப்படி நின்னா, எப்படி நின்னான்னு கேட்டாங்க. தானா நின்னா, நான் பக்கத்துலதான் இருந்தேன்னு சொன்னேன்.

அந்த டாக்டர்கிட்டகூட நான் இதச் சொல்லல. என்னண்ணே, ஏறிக்கட்டுமா?