திரும்பி வராத மெயில்கள்

தேநீர் ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. நீங்கள் விசாரித்து மூடிய ஒரு கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்கிற கடிதம் இது, ஐயா. ஆனாலும் தேநீரிலிருந்து தொடங்கினால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒன்பது வருடமாக அதே அறை. ஒரு பக்கம் ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டிகள், மறுபக்கம் கழிவறை. நூற்றுச் சொச்சம் சிறிய மருத்துவமனைகள் எங்களுக்கு ரத்தம் அனுப்பும். முடிவுகளை நாங்கள் மெயிலில் அனுப்புவோம். மெயில் ஒழுங்காகப் போகிற நாளில் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. போகாத நாளில் என்னைத் தவிர வேறு யாரும் அங்கே வேலை பார்ப்பதாகவே தெரியாது.

எங்கள் விற்பனை மேலாளர் மாதம் இரண்டு முறை நாற்பதாயிரம் பேருக்குச் சலுகை மெயில் அனுப்புவார். கேட்காதவர்களுக்கெல்லாம் இப்படிப் போனால் மற்ற சர்வர்கள் சும்மா இருக்குமா? எங்கள் முகவரியைத் தடைப்பட்டியலில் ஏற்றிவிடும். அப்புறம் பரிசோதனை முடிவுகளையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பும். நான் பட்டியல்காரர்களுக்கு மன்னிப்பு எழுதி, ஒரு வாரம் காத்திருந்து, பெயரை எடுக்க வைப்பேன். எடுத்த மறுநாள் அடுத்த சலுகை கிளம்பும். “சார், அதை மட்டும் வேற சர்வர்ல அனுப்பலாம்” என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

திரும்பி வரும் மெயில் அனுப்பியவருக்கே போகும். அனுப்புபவர் எங்கள் டாக்டரம்மா. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்ததை அச்செடுத்து, அந்த மருத்துவமனைக்குத் தானே போன் போட்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வார். எதிரே இருப்பவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் என் போன் அடிக்கும்.

“தம்பி, இன்னொண்ணு திரும்பி வந்துடுச்சு. கொஞ்சம் பாருப்பா.”

கோபமே இருக்காது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு முறை. ஒரு தேநீரையாவது நான் முழுசாகச் சூடாகக் குடித்ததில்லை.

கடைசியில் நிர்வாகி கூப்பிட்டார். “எப்படிச் செய்வியோ, எனக்குத் தெரியாது. இனிமே ஒரு மெயில்கூடத் திரும்பி வரக் கூடாது” என்றார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். யார் அனுப்பியதானாலும் சரி, திரும்பி வருகிற எதுவும் அவருக்குப் போகாமல் தனியாக ஒரு பெட்டியில் விழட்டும் என்று சர்வரில் ஒரு விதி எழுதினேன். பெட்டிக்கு ‘அமைதி’ என்று பெயர் வைத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது.

விற்பனை மேலாளர் தோளில் தட்டினார். வீட்டில் மனைவி, “மூஞ்சி தெளிவா இருக்கே, என்ன விஷயம்?” என்று கேட்டாள். டாக்டரம்மா மட்டும் ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“நெஜமாவே எல்லாம் போகுதா தம்பி?”

“திரும்பி வரலைன்னா போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம், மேடம்.”

அவர் நம்பினார். அவர் அப்படித்தான்.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. தினமும் மூன்று மணிக்கு அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு. ஒரு வாரம் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது. ஆண், ஐம்பத்திரண்டு வயது, பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. மேலே ‘அவசரம்’ என்று போட்டிருந்தது. ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம் என்று டாக்டரம்மா போனில் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். மருத்துவமனையின் எண் கீழேயே இருந்தது. நான் போன் செய்தால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பெட்டி வெளியே வரும். மறுபடி பதினொரு போன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தேநீர் வந்தது. சூடாக இருந்தது, குடித்தேன். குடித்து முடித்தபின் அந்த மெயிலை அழித்தேன்.

அவர் தையல்காரர் என்பதை வியாழக்கிழமை செய்தித்தாளில் பார்த்தேன். இரண்டு பெண்கள், பெரியவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

நீங்கள் விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள் சர்வர் பதிவில் அவருக்கான வரிகளை எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவின் ‘அனுப்பியவை’ பெட்டியிலிருந்த நகலையும் எடுத்தேன். மெயில் கிளம்பவே இல்லை என்று உங்களிடம் அச்செடுத்துக் கொடுத்தது நான்தான். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். டாக்டரம்மா தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, “அனுப்பின ஞாபகம் இருக்கே தம்பி. நானே மறந்துட்டேனா?” என்று கேட்டார்.

“வயசாகுதில்ல மேடம், இருக்கலாம்” என்றேன்.

அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் விதியை எடுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அதோடு அந்தப் பெட்டியைத் திறப்பதையும் விட்டுவிட்டேன், மனநிம்மதிக்காக. எண்ணிக்கை மட்டும் வெளியே தெரியும். போன வாரம் ஆயிரத்து முந்நூற்றைத் தாண்டியது. அதில் எத்தனை ‘அவசரம்’ என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மூன்று வாரம் முன்பு மருந்துக்கடையில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கையில் சின்ன நோட்டு. மாத்திரையை வாங்கிப் பையில் போட்டதும் அதை எழுதிக்கொண்டார். முந்தின வரி எனக்குத் தெரிந்தது: ‘அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன்.’ என்னைப் பார்த்துச் சிரித்தார். “எதையும் நம்ப முடியல தம்பி. என்னாலதானே ஒரு உசுரு போச்சு” என்றார். அன்றிலிருந்து தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அவர் மறக்கவில்லை. அவர் அனுப்பினார். அந்தத் தையல்காரரைக் கொன்றவன் நான்.

இதை எங்கள் சர்வர் வழியாகவே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். இது நான்காவது முறை. உங்கள் அலுவலகம் கண்டிப்பான இடம், தடைப்பட்டியலைப் பார்க்காமல் எதையும் உள்ளே விடாது என்பதும் தெரியும். அனுப்பிய ஒவ்வொரு முறையும் ‘அமைதி’யில் எண்ணிக்கை ஒன்று கூடியது. தற்செயலாக இருக்கலாம், நான் திறந்து பார்க்கவில்லை. உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆனால் எனக்கு எதுவும் திரும்பி வரவும் இல்லை, ஐயா. அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் கடமையை நான் செய்துவிட்டேன்.